ஏழாம் எண் பச்சை

சொங்க்ரான் தண்ணீர்த் திருநாளுக்கு
இன்னும் பதினொரு நாள்.
சஹத்சகான் கடைத்தெருவில்
நீண்ட கழுத்துக்காரனின் வயிற்றுக்கடியில்
மல்லாந்து கிடக்கிறாள் கம்பூன்.
கையில் நான்கு அங்குலத் தூரிகை,
புருவத்தில் போன வருடத்துப் பெயிண்ட் செதில்.

ஒப்பந்தத்தில் இருப்பது இவ்வளவுதான்:
டைனோசர், சிமெண்ட், பதினாறு உருப்படி.
சுரண்டிக் கழுவி இரண்டு பூச்சு.
நிறம், ஏழாம் எண் பச்சை.
நகத்துக்கு மட்டும் வெள்ளை.

வெள்ளை வேன் வந்து நிற்கிறது.
கதவைத் திறக்குமுன் வாயைத் திறக்கிறான்
ஓட்டுநர் வீரயுத்:
"காலையில் யாகூ கோபுரம் பார்த்தாயிற்று,
செங்கல், பழசு, நிழல் கிடையாது என்று
முன்பே சொல்லியிருந்தேன்.
அடுத்தது மலையடியில் எலும்புகள்,
மண்ணில் கிடந்தது கிடந்தபடி.
சாயங்காலம் பாலம். சூரியன் என் பொறுப்பல்ல.
ராத்திரி கலாசின் நகரச் சந்தையில் இறக்கிவிடுவேன்,
எதையும் தின்னுங்கள்;
ஊறவைத்த மீன்சாறு ஊற்றிய பப்பாளியை மட்டும்
வேனுக்குள் கொண்டுவராதீர்கள்."

ராயோங்கிலிருந்து வந்த அம்மாள்
படத்துக்காக வாலில் சாய்ந்தாள்.
காலையில்தான் வாங்கிய பிரேவா பட்டு,
சிவப்பில் நூறு சின்னக் கட்டங்கள்.
எழுந்தபோது நூற்றியோராவது கட்டம்
பச்சையாக இருந்தது.

தின்னரும் பஞ்சுமாகத் தவழ்ந்து வந்தாள் கம்பூன்.
விலையைக் கேட்டாள். வாய்க்குள் வகுத்தாள்:
ஒன்பது டைனோசர்.
அம்மாள் அழவில்லை, திட்டவில்லை,
"இது எந்த மிருகத்தின் பச்சை?" என்றாள்.
"நகராட்சியுடையது."
பிறகுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது,
கம்பூனுக்குக் கொஞ்சம் தாமதமாக.

அவள் பேரன், ஏழு வயது, விடவில்லை:
"நிஜத்தில் இது என்ன நிறம்?"
ஐஸ் காப்பி வாங்க வந்திருந்த
அருங்காட்சியகத்து நிட்சரீ
உறிஞ்சுகுழலைக் கடித்தபடி சொன்னாள்:
"யாருக்கும் தெரியாது தம்பி.
எங்களிடம் எலும்புதான் இருக்கிறது.
தோல் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை."

யாருக்கும் தெரியாது.
இருபத்திரண்டு சித்திரைகளாக இதைக் கம்பூனிடம்
யாரும் சொன்னதில்லை.

பதின்மூன்றாவதின் தொடையோடு
பச்சை தீர்ந்தது.
நகரத்துக் கடைக்காரர் போனில் சொன்னார்,
பண்டிகை முடியட்டும், வரும்.
லம்பாவ் ஏரிப் படகுக்காரரிடம்
அரை டின் நீலம் இருந்தது,
பள்ளிக்கூடக் கேட்டுக்கு அடித்த மஞ்சள் கொஞ்சம்.

பாலத்தின் மேல் அந்நேரம் வீரயுத்,
"இந்தத் தண்ணீருக்கடியில் பழைய ஊர் இருக்கிறது,
கடைத்தெருவோடு."
எல்லோரும் மரியாதையாகக் குனிந்து பார்த்தார்கள்.
தண்ணீர் தண்ணீர் மாதிரி இருந்தது.
யாரோ இறால் என்ன விலை என்றார்கள்.

மறுநாள் மேற்பார்வையாளர் வந்தார்.
பதின்மூன்றாவதுக்கு இடுப்புக்கு மேலே நீலம்,
முதுகில் மஞ்சள் வரி, கீழே பச்சைத் தொடை,
கால்சட்டை போட்டது போல.
"என்ன இது?"
"நிஜ நிறம் யாருக்கும் தெரியாதாம்.
அருங்காட்சியகமே சொல்கிறது."
"எழுத்தில் இருக்கிறதா?"
"இல்லாததுதானே விஷயம்."
படிவத்தில் நிறத்துக்கு ஒரே கட்டம்.
வெகுநேரம் பேனாவைத் தட்டினார்.
பச்சை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு,
கிளம்பும்போது திரும்பி
ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படத்திலும்,
ராயோங் அம்மாளின் படத்திலும்,
எத்தனையோ வருடத்து, எந்தெந்த ஊர்க்காரர்களுடைய
ஏப்ரல் மாதப் படங்களிலும்
வயிற்றுக்கடியில் இரண்டு பாதம் நீட்டிக்கொண்டிருக்கும்.
இடது செருப்பின் வாருக்கு
ஒரு கம்பி முடிச்சு.